அண்ணனுக்குச் சில சந்தேகங்கள்

மூன்றாவது சனிக்கிழமையும் பாப்பா அந்த மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள். கைப்பையில் அண்ணனின் கேள்வித்தாள் இருந்தது. முதல் வாரம் பதினொரு கேள்விகள், இரண்டாம் வாரம் ஒன்பது. ஆக, குறைந்துகொண்டு வருகிறது என்று அவள் சந்தோஷப்பட்டிருந்தாள். இந்த வாரம் பதினான்கு.

நாற்பத்து நான்கு வயதாகிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கும் இயந்திரத்தோடு இருபது வருடமாக மல்லுக்கட்டுகிறாள். கடையில் அவளைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்கூட உண்டு. ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். அண்ணன் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. அவனுக்கு இப்போது ஐம்பது. நகராட்சியில் கட்டட ஆய்வாளர். யாராவது வீடு கட்டினால் இவன் போய்ச் சுவர் நேராக இருக்கிறதா, படி சரியான உயரமா, மழைத்தண்ணீர் போக வழி உண்டா என்று துருவித் துருவிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவான். குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கண்ணை ஒரே ஒரு நாள் தன் பக்கம் திருப்பியிருந்தானானால் பாப்பாவுக்கு இந்த மாடி ஏறும் வேலை வந்திருக்காது.

விஷயம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு புதுக் கட்டடத்தைப் பார்க்கப் போன இடத்தில், பகல் பதினொரு மணிக்கு, ஏணியிலிருந்து கீழே விழுந்தான். மணிக்கட்டு முறிந்தது. தூக்கிவிட வந்த கொத்தனார்கள் எல்லோருக்கும் வாடை தெரிந்தது. மருத்துவமனையில் கட்டுப்போட்ட டாக்டர், ஈரலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு வாரம் படுக்க வைத்தார். இத்தனை வருடப் பழக்கத்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்றார். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சீட்டும் கொடுத்தார். குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் குழு ஒன்றின் முகவரி அதில் இருந்தது. மேலதிகாரியும் நீண்ட விடுப்புக் கொடுத்து, ஏதாவது ஒரு வழி பண்ணிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார். அண்ணி அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "டீ மேசை மேல இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள், அவ்வளவுதான்.

அண்ணன் இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தான். மூன்றாம் வாரம் "கொஞ்சமா" ஆரம்பித்தான். அந்தச் சீட்டு மட்டும் சட்டைப் பையிலேயே இருந்தது.

"போக மாட்டேன்னு நான் சொன்னேனா?" என்றான். "விவரம் தெரியாம ஒரு இடத்துல எப்படிப் போய் நிக்கிறது? நீ ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வா பாப்பா. சனிக்கிழமை யார் வேணும்னாலும் வரலாமாம். எனக்குச் சில சந்தேகம் இருக்கு, அதை மட்டும் கேட்டுட்டு வந்துடு."

ஒரு தடவைதானே என்று நினைத்தாள். அங்கேதான் ஏமாந்தாள்.

கூட்டம் நடக்கிற இடம் ஒரு சலவைக் கடைக்கு மேல்மாடி. கீழேயிருந்து சோப்பு வாடையும் ஆவியும் ஏறி வரும். நான்கு தினுசில் நாற்காலிகள், ஒரு நீள மேசை, வெந்நீர்க் கெண்டி, சரியாக மூடாத ஜன்னல். நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். உள்ளே இருக்கும்போதும் கம்பளித் தொப்பியைக் கழற்ற மாட்டார். குடியை விட்டு ஒன்பது வருடமாகிறதாம்.

"இங்க பேரெல்லாம் முக்கியமில்ல" என்றார். "என்னைத் தொப்பின்னு கூப்பிடுவாங்க. நீங்க?"

"நான் குடிக்கிறதில்ல சார். என் அண்ணனுக்காக வந்தேன். அவர் சில கேள்வி எழுதிக் கொடுத்திருக்கார்."

தொப்பி கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "கேளுங்க."

"பேர், முகவரி, வேலை எல்லாம் பதியணுமா?"

"வேண்டாம்."

"கட்டணம்?"

"கிடையாது. வாடகைக்கும் டீக்கும் ஒரு டப்பா சுத்தி வரும். போடலைன்னா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க."

"கடவுள் நம்பிக்கை இருக்கணுமா?"

"உள்ளவங்களும் வர்றாங்க, இல்லாதவங்களும் வர்றாங்க. உங்க அண்ணனுக்குத் தகராறு கடவுளோடயா, பாட்டிலோடயா?"

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அடுத்ததைப் படித்தாள். "எழுந்து நின்னு பேசணுமா?"

"விருப்பம் இருந்தாப் பேசலாம். இல்லாட்டி சும்மா உட்கார்ந்து கேட்கலாம். நான் முதல் நாலு மாசம் வாயே திறக்கல."

"சேர்றதுக்கு என்ன தகுதி?"

"குடியை விடணும்னு ஆசை. அது ஒண்ணுதான்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்து அண்ணனிடம் கொடுத்தாள். அவன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டட வரைபடத்தைப் பார்ப்பதுபோல அந்தத் தாளை மேசையில் விரித்துப் பார்த்தான்.

"பேர் பதிய மாட்டாங்கன்னா, வந்தவன் யாரு, வராதவன் யாருன்னு எப்படித் தெரியும்?"

"அது அவங்க கவலை. உனக்கென்ன?"

"நிர்வாகம்னு ஒண்ணு இருக்கணுமில்ல பாப்பா. சரி, எனக்குத் தெரிஞ்ச ஒப்பந்தக்காரன் எவனாவது அங்க உட்கார்ந்திருந்தா? நான் போன மாசம் அவன் கட்டடத்துக்கு அனுமதி மறுத்திருந்தா?"

அது அடுத்த சனிக்கிழமையின் முதல் கேள்வியாயிற்று. "இருந்தா, அவரும் அதே காரியத்துக்குத்தான் வந்திருப்பார்" என்றார் தொப்பி. "இங்க பார்த்ததை, கேட்டதை வெளிய பேசுறதில்ல."

வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் குடிக்கிறவன் குடிநோயாளியா என்பது இரண்டாவது. அந்த 'மூன்று நாள்' சுத்தப் புளுகு என்பது பாப்பாவுக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும், தெருமுனைக் கடைக்காரனுக்கும் தெரியும். தொப்பி அதற்கும் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "அதை நாங்க யாரும் முடிவு பண்ண மாட்டோம். அவரேதான் சொல்லிக்கணும்." எத்தனை மாதத்தில் படிப்பு முடியும் என்பது மூன்றாவது. "முடியாது" என்றார் தொப்பி. "இன்னிக்கு ஒரு நாள் குடிக்காம இருக்கோம். நாளைக்கு எழுந்து திரும்பவும் அதே வேலை."

இதைக் கேட்டதும் அண்ணன் உதட்டைப் பிதுக்கினான். "முடிவு தேதியே இல்லாத திட்டமா? எங்க ஆபீஸ்ல இதை முதல் மேசையிலேயே திருப்பி அனுப்பிடுவாங்க."

பாப்பாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் சும்மா இருந்தாள். எதையாவது சொல்லப் போய், இருக்கிற கொஞ்ச நஞ்ச எண்ணத்தையும் விட்டுவிடுவானோ என்று பயம்.

மூன்றாம் வாரத்துப் பதினான்கில், நாற்காலிகள் வட்டமாக இருக்குமா வரிசையாக இருக்குமா, கதவுக்கு எவ்வளவு பக்கத்தில் உட்காரலாம், விளக்கு நேராக முகத்தில் அடிக்குமா என்றெல்லாம் இருந்தன. ஆறாவது கேள்விக்கு வரும்போதே பாப்பாவுக்குத் தன் குரல் தனக்கே கேட்கச் சகிக்கவில்லை. தொப்பி மெதுவாகத் தாளை வாங்கி மடித்து மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, நீங்க எப்படி இருக்கீங்க?"

"அது இந்தப் பதினாலுல இல்லையே சார்."

"நான் கேட்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் பக்கத்து அறையில வீட்டுக்காரங்களுக்குன்னு ஒரு கூட்டம் நடக்குது. குடிக்கிறவங்களோட பெண்டாட்டி, அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி எல்லாம் வருவாங்க. நீங்க ஒரு நாள் வரலாம்."

பாப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்லா இருக்கே! குடிக்கிறவன் அங்க சோபாவுல சாய்ஞ்சு கிடக்கான். அவனுக்குப் பதிலா ஒரு கூட்டத்துக்கு வர்றேன். போதாதுன்னு இன்னொரு கூட்டமா? எனக்கு என்ன வியாதி?"

தொப்பி கோபித்துக்கொள்ளவில்லை. "என் வீட்டுக்காரி இதைவிட மோசமாத் திட்டினா" என்று சொல்லிவிட்டுக் கெண்டியை அடுப்பில் வைக்கப் போனார். திரும்பி வந்து மீதிக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை கடையில் அது நடந்தது. ஒரு வாத்தியாரம்மாவுக்குக் கனமான லென்ஸ். பன்னிரண்டு நாள் காத்திருந்து வந்தது. பாப்பா அதை இயந்திரத்தில் பொருத்தி, ஓரத்தைப் பதமாகத் தீட்டிக்கொண்டிருந்தபோது மேசையில் இருந்த போன் அதிர்ந்தது. அண்ணன். எடுக்கவில்லை. மறுபடியும் அண்ணன். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை, என்னமோ ஏதோ என்று பதறி, ஒரு கையால் எடுத்தாள்.

"பாப்பா, ஒண்ணே ஒண்ணு. பாதியில எழுந்து வெளிய போனா தப்பா நினைச்சுப்பாங்களா? இருமல் வந்தா?"

மறு கை நழுவியது. டிக் என்று ஒரு சத்தம். லென்ஸின் ஓரம் சில்லுப் பெயர்ந்து போயிற்று. பன்னிரண்டு நாள்.

பாப்பா இயந்திரத்தை அணைத்தாள். பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"கேளு. முப்பத்து நாலு கேள்வி. முப்பத்து நாலுக்கும் பதில் கொண்டுவந்து கொடுத்தாச்சு. இருமல் வந்தா இருமு! தும்மல் வந்தா தும்மு! இனிமே உன் கேள்வி ஒண்ணைக்கூட நான் தூக்கிட்டுப் போக மாட்டேன். அவரோட நம்பரை அனுப்புறேன். உனக்கு வாய் இருக்கில்ல, ஊர்ல இருக்கிற சுவரையெல்லாம் குறை சொல்ற வாய்? அதால கேளு."

"சரி. என்மேல யாருக்கு அக்கறை" என்று அடிபட்டவன் குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

வாத்தியாரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, இன்னொரு பன்னிரண்டு நாள் தவணை வாங்கினாள். அதற்கு அப்புறம் அண்ணன் கூப்பிடவே இல்லை. முதல் இரண்டு நாள் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. மூன்றாம் நாளிலிருந்து போன் பக்கமே காது போய்க்கொண்டிருந்தது. இதற்கும் தன்மேலேயே எரிச்சல். பேசினாலும் உயிரை வாங்குகிறான், பேசாவிட்டாலும் வாங்குகிறான்.

பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு அண்ணி கூப்பிட்டாள். "பாப்பா, கொஞ்சம் வந்துட்டுப் போ. உங்க அண்ணன் குளியலறையில உட்கார்ந்துக்கிட்டு வெளிய வர மாட்டேங்கிறார். கதவு திறந்துதான் இருக்கு. நான் கூப்பிட்டா வரல. நான்..." என்று நிறுத்தினாள். "நான் கூப்பிடவும் இல்ல. நீ வா."

காரை எடுத்துக்கொண்டு போனாள். அண்ணன் ஈரத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தேய்த்த சட்டை, வேலைக்குப் போடும் கால்சட்டை, பளபளவென்று துடைத்த ஷூ. கட்டுப்போட்ட கைமேல் பிளாஸ்டிக் பை. தலை சீவியிருந்தான். அறை முழுக்க வாடை.

"எங்க கிளம்பினே?" என்றாள் பாப்பா, வாசற்படியில் நின்றபடி.

"பதினோரு மணிக் கூட்டத்துக்கு. இன்னிக்கு நானே போயிடலாம்னு..." அவன் அவளைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்துப் பேசினான். "சட்டை நானே தேய்ச்சேன், ஒரு கையால. ஷூ போட்டாச்சு. வாசல் வரைக்கும் போனேன். கால் நகரல பாப்பா. தைரியத்துக்கு ஒரே ஒரு வாய்னு நினைச்சேன். அப்புறம் இன்னொரு வாய். அப்புறம் எப்படிப் போறது?"

பாப்பாவுக்குத் திட்ட வாய் வந்தது. திட்டவில்லை. அவன் இப்போதுதான் தலையைத் தூக்கினான்.

"குடிச்சிட்டுப் போனா உள்ள விடுவாங்களா?"

அவள் முப்பத்து நான்கையும் மனதுக்குள் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தாள். கட்டணம் இருந்தது, கடவுள் இருந்தார், நாற்காலி இருந்தது, இருமல்கூட வந்துவிட்டது. இது இல்லை. கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான், இதை அவன் எழுதவே இல்லை.

"எனக்குத் தெரியாது" என்றாள். நிஜமாகவே தெரியவில்லை. "மூணு வாரம் விளக்கு வெளிச்சத்தைப் பத்திக் கேட்டியே, இதைக் கேட்டிருக்கக் கூடாதா?"

"இதைக் கேட்டா, நான் எப்படிப்பட்டவன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போயிடுமே."

பாப்பா தொப்பியின் எண்ணை அழுத்தி, ஒலியைக் கூட்டி, போனை அவன் நல்ல கையில் திணித்தாள். "நீயே கேளு."

மணி அடித்தது. "ஹலோ" என்றது தொப்பியின் குரல். அண்ணன் முழித்தான். மறுபடியும் "ஹலோ". அண்ணி பாப்பாவின் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

"சார்... நான் கேள்வி அனுப்புவேனே, அவன்."

"அடடே, நீங்களா! சொல்லுங்க."

"நான் இப்போ குடிச்சிருக்கேன் சார். இன்னிக்கு வரலாமா?"

"வாங்க" என்றார் தொப்பி, கொஞ்சமும் யோசிக்காமல். "கையில பாட்டில் எடுத்துட்டு வராதீங்க. இன்னிக்குப் பேச வேண்டாம், உட்கார்ந்து கேளுங்க, போதும். வண்டியை நீங்க தொடாதீங்க, யாரையாவது ஓட்டச் சொல்லுங்க. ஆமா, நேத்தைக்கும் குடிச்சீங்களா? தினமும்தானா?"

அண்ணன் ஒரு நிமிடம் அண்ணியைப் பார்த்தான். "தினமும்."

"அப்போ நாளைக்குக் காலையில டாக்டரைப் பார்க்கணும். நீங்களா திடீர்னு நிறுத்திட்டு உடம்பைக் கெடுத்துக்காதீங்க. மருந்தும் கூட்டமும் சேர்ந்துதான் நடக்கணும். சரியா? படியில பார்த்து ஏறுங்க."

அண்ணி உள்ளே போய் வேறு ஒரு சட்டையோடு வந்தாள். அதை அவன் மடியில் போட்டாள். "அது நனைஞ்சு போச்சு. மாத்திக்குங்க" என்றாள். இரண்டு மாதத்தில் அவனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஞாயிறு கூட்டம் குடியை விட வேண்டியவர்களுக்கு மட்டும். வீட்டுக்காரர்களுக்கு இடமில்லை. அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே போவதை இருவரும் கீழே நின்று பார்த்தார்கள். பிறகு சலவைக் கடைக்குள் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே யாருடைய போர்வையோ இயந்திரத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

"நடுவுல இறங்கி வந்துடுவாரோ?" என்றாள் அண்ணி.

"வந்தா திரும்பவும் ஏத்திவிடுவேன்."

"நீ இல்லாட்டி நான் என்ன பண்ணியிருப்பேன் பாப்பா."

"நான் என்ன பண்ணேன்? லென்ஸை உடைச்சேன்" என்றாள் பாப்பா. அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. பாப்பா முழுக்கதையையும் சொன்னாள். இருமல் வந்த இடத்தில் அண்ணி சிரிக்க ஆரம்பித்து, அது எப்போது அழுகையாக மாறிற்று என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அண்ணன் இறங்கி வந்தான். முகம் வெளிறியிருந்தது. என்ன சொல்லப் போகிறானோ என்று இருவரும் வாயைப் பார்த்தார்கள்.

"மூணாவது படி ஒரு அங்குலம் உயரமா இருக்கு" என்றான். "யாராவது தடுக்கி விழப் போறாங்க." காரில் ஏறி உட்கார்ந்தபிறகு, "செவ்வாய்க்கிழமையும் இருக்காம்" என்றான்.

அதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் அது பொய். கைக்கட்டுப் பிரித்த நாளில் குடித்தான். அடுத்த மாதம் ஒரு காரணமும் இல்லாமல் குடித்தான். இரண்டு தடவையும் பாப்பா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு தடவையும் அவன் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அந்த மாடிக்குப் போனான். போனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். "வாங்க, உட்காருங்க" என்றார்களாம். அது அவனுக்கு மகா அதிசயம். பாப்பாவும் ஒரு புதன்கிழமை, சும்மா எட்டிப் பார்க்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பக்கத்து அறைக்குப் போனாள். அடுத்த புதனும் போனாள். அதைப்பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை.

ஆறாம் மாதம், சேர்ந்தாற்போல் தொண்ணூறு நாள் குடிக்காமல் இருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை மதியம் அண்ணன் பாப்பாவின் வீட்டுக்கு வந்தான். சோபாவின் நுனியில் உட்கார்ந்தான்.

"நம்மளால பாதிக்கப்பட்டவங்ககிட்ட நேர்ல போய்ச் சொல்லிச் சரிபண்ணணும்னு அங்க சொல்லுவாங்க. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

பாப்பாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. கேள்வித்தாள்கள், அம்மா படுக்கையில் கிடந்தபோது வராதது, எத்தனை இருக்கிறது! "விடுண்ணா, எனக்கு எல்லாம் தெரியும்" என்றாள்.

"இது தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால உன் காரைக் கேட்டு வாங்கிட்டுப் போனேனே. கதவு நசுங்கிப் போச்சு இல்ல?"

"எதிர் வீட்டு டாக்டரம்மா பின்னால எடுக்கும்போது இடிச்சது."

"இல்ல. நான் அவங்க கேட் தூண்ல மோதினேன். குடிச்சிருந்தேன். அவங்க இடிச்சதா உன்கிட்ட நான்தான் சொன்னேன்."

பாப்பா அவனையே பார்த்தாள். எதிர் வீட்டுப் பல் டாக்டரம்மா அந்தத் தெருவில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி. இருவரும் தினமும் காலையில் ஒன்றாக நடப்பார்கள். காரை இடித்துவிட்டு ஒத்துக்கொள்ளாத பொம்பளை என்று நடுத்தெருவில் நின்று கத்திவிட்டுப் பேச்சை முறித்தவள் பாப்பா. ஆறு வருடம். அவள் வீட்டு வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பல் வலி வந்தால் ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொருவரிடம் போவாள். அவருக்குச் சுத்தியல் பிடிக்கிற கை. ஒரு பல்லைப் பிடுங்குவதற்குள் தாடையையே கழற்றிவிட்டார்.

"ஆறு வருஷம்!" என்றாள். "அவங்க அன்னிக்கு 'நான் வண்டியையே எடுக்கலையே'ன்னு அழுதாங்க. நீ பக்கத்துலதான் நின்னே!"

"ஆமா."

"மனுஷனா நீ? இதைச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு சாதுவா உட்கார்ந்திருந்தியா? எழுந்திரு."

"எங்க?"

"எங்கயா? அங்கதான்!"

"வரேன். அவங்ககிட்டயும் நான்தானே சொல்லணும். ஆனா முதல்ல உன்கிட்ட சொல்லாம..."

"பேசாத. நட."

செருப்பை மாட்டுவதற்குள் அவளுக்கு இரண்டு தடவை கால் தடுக்கிற்று. தெருவைக் கடந்தார்கள். மணியை அழுத்திவிட்டு, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பாப்பா நின்றாள். கதவு திறந்தது. டாக்டரம்மாவுக்கு முடி நிறைய நரைத்திருந்தது. இத்தனை நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனதில் அது அவள் கண்ணில் பட்டதே இல்லை.

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாருக்குப் பல் வலி?" என்றாள், தயக்கமாக.

அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தான். அவன் காது நுனிவரை சிவந்திருந்தது.

"டாக்டர், நான் ஒரு விஷயம் சொல்லணும். கொஞ்சம் நேரமாகும்."

அவள் கதவை அகலமாகத் திறந்தாள். "உள்ள வாங்க. ரெண்டு பேரும்."